மரமாக நிற்கச் சொல்லித்தர எனக்குத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், இயற்கையைப் பார்த்து உடலை அசைக்கும் பயிற்சிப் பட்டறைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே ஒரு படம். ஐந்தாறு பேர் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களைக் கிளை போல விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மரமாகிவிட்டால் மன அழுத்தம் போகும், முதுகுவலி தீரும், நல்ல தூக்கம் வரும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். மறுநாள் காலையில் முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எத்தனை வகுப்பில் முதுகுவலி போகும்?" என்று கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் அப்படி ஒரு பட்டறை நடத்துகிறவள்தான். நான்கு வருடங்களாக அதைக் கட்டி, கலைத்து, திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இன்னும் முடியவில்லை. மூன்று மணி நேரம், எட்டு பேர், ஒரு வெறும் அறை, முடிந்தால் பக்கத்தில் கொஞ்சம் மண்தரை. அவ்வளவுதான் அதன் வெளித்தோற்றம்.

ஒன்பது வயதில் நடனம் கற்கத் தொடங்கினேன். இப்போது நாற்பத்தெட்டு. அதில் முப்பது வருடம் கண்ணாடிக்கு முன்னால் போயிற்று. கை போகும் வழியில் கண் போக வேண்டும், கண் போகும் வழியில் மனம் போக வேண்டும் என்று படித்து வளர்ந்தவள் நான். முப்பத்தொன்பதாவது வயதில் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆறு வாரம் ஆடக்கூடாது என்றார் மருத்துவர். ஆடாமல் என்ன செய்வது என்று தெரியாமல் தரையில் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒன்று தெரியவந்தது. என் இடது பக்க இடுப்பு தரையில் முழுதாக உட்கார்ந்திருந்தது. வலது பக்கம் உட்காரவில்லை. ஒரு காகிதம் நுழையும் அளவு தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் தூக்கச் சொல்லவில்லை. நான் தூக்குவதாக எனக்கே தெரியாது. அத்தனை வருடக் கண்ணாடியில் இது ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை, ஏனென்றால் கண்ணாடியில் நான் தேடியது வேறு. இடுப்பு நேராகத் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். நேராகத் தெரிய அது என்ன பாடுபடுகிறது என்று கேட்டதே இல்லை.

கண்ணாடி மேல் முழுப் பழியையும் போடக்கூடாது. எஃப்.எம். அலெக்சாண்டர் என்று ஒருவர், 1869ல் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் நின்று வசனம் ஒப்பிக்கும் கலைஞர். மேடையேறினால் குரல் கம்மிப்போகும். மருத்துவம் உதவாதபோது, கண்ணாடிகளை வைத்துக்கொண்டு தன்னையே கவனிக்கத் தொடங்கினார். வாயைத் திறக்கும் முன்பே தலையைப் பின்னால் இழுத்து, தொண்டையை அமுக்கி, காற்றை விசுக்கென்று உறிஞ்சுவதைக் கண்டுபிடித்தார். தலையை முன்னால் கொண்டுபோகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்ட நேரத்தில் கண்ணாடி தலை பின்னால் போவதைக் காட்டியது. தான் உணர்வதும் நடப்பதும் ஒன்றல்ல என்று அவருக்குப் புரிந்தது அங்கேதான். அவர் கண்ணாடியில் தன் தப்பைத் தேடினார். நான் என் தப்பை மறைக்கக் கண்ணாடியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் சேர்த்துச் சோமாட்டிக்ஸ் என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹன்னா. தத்துவம் கற்பித்த அமெரிக்கர். 1976ல் அந்தப் பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சோமா என்றால் கிரேக்கத்தில் உடல். வெளியே நின்று ஒருவர் பார்க்கும் உடலை அவர் சொல்லவில்லை, உள்ளே இருப்பவர் உணரும் உடலைச் சொன்னார். உங்கள் கட்டுரை இந்த இடத்தில்தான் சறுக்கியது என்பது என் எண்ணம். மரத்தை வெளியிலிருந்து பார்த்து, அதன் வடிவத்தை வெளியிலிருந்து உடம்பில் ஒட்டிக்கொள்வது நடிப்பு. நல்ல நடிப்பாகவே இருக்கலாம், மேடையில் நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது.

என் முதல் பட்டறையிலும் இதே தவறைச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் அலைச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, விளக்கைக் குறைத்து, "நீங்கள் ஒரு நதி" என்றேன். பத்துப் பேரும் கையை நெளித்தார்கள். எல்லாருக்கும் ஒரே நெளிவு. எந்தத் திரைப்படத்தில் பார்த்தார்களோ தெரியவில்லை. கடல் சத்தத்துக்கு நதியாகச் சொன்னேன் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது! இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஒரு பெண் அழுதார். அழுதவரிடம் என்ன செய்வது என்று தெரியாமல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் பட்டறை எதுவும் வைக்கவில்லை. சன்னலோரம் ஒரு தொட்டியில் அவரை விதை போட்டேன். காரணம் டார்வின். அவரும் மகன் பிரான்சிஸும் சேர்ந்து செடிகளின் அசைவைப் பற்றிச் செய்த சோதனைகள் 1880ல் நூலாக வந்தன. செடியின் நுனியில் மெல்லிய கண்ணாடி இழையை ஒட்டி, எதிரே ஒரு கண்ணாடித் தகட்டில் அவ்வப்போது புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைத்துப் பார்த்திருக்கிறார்கள். வளரும் நுனி எதுவும் நேராக மேலே போவதில்லை, சுற்றிச் சுற்றித்தான் போகிறது என்று காட்டினார்கள். என்னிடம் கண்ணாடி இழை ஏது? சன்னல் கண்ணாடியிலேயே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேனாவால் கொடியின் நுனி தெரியும் இடத்தில் அரை மணிக்கு ஒரு புள்ளி வைத்தேன். முதல் நாள் என் தலையை ஒரே இடத்தில் வைக்கத் தெரியாமல் எல்லாம் குழம்பிப்போனது. நாற்காலியின் காலைத் தரையில் குறித்துவைத்து, மோவாயை ஒரு புத்தக அடுக்கின் மேல் வைத்துக்கொண்டு மறுநாள் பார்த்தேன். மாலைக்குள் கண்ணாடியில் ஒரு கோணல் வட்டம் இருந்தது. கொம்பு தட்டுப்படும்வரை அந்த நுனி காற்றில் துழாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போவதில்லை, துழாவியே தெரிந்துகொள்கிறது.

என் பட்டறையின் முதல் பயிற்சி அந்தச் சன்னலில் இருந்து வந்ததுதான். சும்மா நிற்பது. கையைத் தூக்க வேண்டாம். கால்களை இடுப்பகலம் வைத்துப் பத்து நிமிடம் நின்றால் போதும். இரண்டாவது நிமிடத்தில் எல்லாருக்கும் சலிப்பு வரும். நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர், "நான் ஆடுகிறேனே!" என்பார். ஆமாம், எல்லாரும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம். கணுக்காலில் தொடங்கி, உச்சந்தலையில் ஒரு சின்ன கோணல் வட்டம். ஒருவரையொருவர் தொட்டு, எடையைப் பகிர்ந்து ஆடும் கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்ற ஆட்டமுறையை 1972ல் தொடங்கிய ஸ்டீவ் பாக்ஸ்டன் இதைச் சின்ன நடனம் என்றார். அதைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆட்டம் பலவீனம் இல்லை. விழாமல் இருக்க உடம்பு ஓயாமல் செய்துகொண்டிருக்கும் கணக்கு அது. காதுக்குள், ஒரு மெல்லிய கூழ்ப்படலத்தின் மேல், சுண்ணாம்புப் பொருளாலான நுண்ணிய மணிகள் இருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை சரிய, அடியில் உள்ள உணர்மயிர்கள் வளைந்து மூளைக்குச் சொல்கின்றன. பாதத்தின் தோலும், கால்சதைக்குள் இழுபடுவதை அளக்கும் நரம்பு நுனிகளும் தங்கள் பங்குக்குச் சொல்கின்றன. கண் பாராமலே கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியவைக்கும் இந்த உணர்வுக்கு 1906ல் ஷெரிங்டன் என்ற உடலியலாளர் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். பட்டறையில் நான் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. காதுக்குள் கல் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். எல்லாரும் தலையை ஒருமுறை மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்த மெதுவுக்காகத்தான் சொல்கிறேன்.

மரத்துக்கு வருகிறேன், உங்கள் படத்தில் இருந்தது அதுதானே. இளமரத்தைக் கம்பில் அசையாதபடி இறுகக் கட்டிவைத்தால் உயரமாக வளரும், ஆனால் தண்டு பருக்காது. கட்டை அவிழ்த்தால் தன் பாரத்தையே தாங்காமல் சாய்வதும் உண்டு. காற்றில் அசைந்து வளரும் மரம் குட்டையாக, அடி பருத்து, வேர் பிடித்து வளரும். தொடுதலும் அசைவும் செடியின் வளர்ச்சியை இப்படி மாற்றுவதற்கு 1973ல் மார்க் ஜாஃபி என்ற தாவரவியலாளர் தனிப் பெயரே வைத்தார். நான் இதைப் படித்த அன்று என் மாணவிகளை நினைத்துக்கொண்டேன். "அசையாதே, பிடி, இன்னும் பிடி" என்று எத்தனை குழந்தைகளை நான் கம்பில் கட்டியிருக்கிறேன்! என்னையும் அப்படித்தான் கட்டினார்கள். கட்டியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்தது அது. ஆனால் மரத்திலிருந்து ஒரு நடனக்காரி எடுத்துக்கொள்ள வேண்டியது கிளையின் வடிவமா, இந்தச் செய்தியா?

அவரைக் கொடியும் இந்த மரமும் என் பட்டறைக்குள் வந்தபிறகு என் பேச்சே மாறிவிட்டது. "நீங்கள் மரம்", "நீங்கள் நதி" என்று பெயர்ச்சொல் கொடுப்பதை நிறுத்தினேன். கேள்வி மட்டும் கேட்கிறேன். இப்போது உங்கள் எடை எந்தக் காலில் இருக்கிறது? அது தானாக மாறுகிறதா, நீங்கள் மாற்றுகிறீர்களா? மூச்சு விடும்போது முதுகில் எந்த இடம் தரையை விட்டு விலகுகிறது? இப்படி.

எனக்கு மிகவும் பிடித்தது மண்புழுப் பயிற்சி. பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு, அதனால் முடிந்தபிறகுதான் பெயரைச் சொல்வேன். மண்புழுவின் உடலில் இரண்டு வகைத் தசை. வளையமாக ஓடுவது இறுகினால் அந்தப் பகுதி மெலிந்து நீளும். நீளவாக்கில் ஓடுவது இறுகினால் குறுகிப் பருக்கும். பருத்த பகுதி தன் நுண்ணிய முட்களால் மண்ணைப் பற்றிக்கொள்ள, மெலிந்த பகுதி முன்னே போகும். ஒரு பகுதி பற்றிக்கொண்டிருந்தால்தான் இன்னொரு பகுதியால் நீள முடியும். சரி, இதை மனிதர் எப்படிச் செய்வது? மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைத் தூக்காமல், கையால் உந்தாமல், உடம்பின் ஒரு பகுதியைத் தரைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பகுதியை நீளவிட்டு, தலை இருக்கும் திசையில் ஒரு சாண் தூரம் நகர வேண்டும். இருபது நிமிடம் கொடுப்பேன். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் குதிகாலால் தள்ளி வேகமாக முடிக்கப் பார்ப்பார்கள். அது நகர்வதுதான், ஆனால் பெட்டியைத் தள்ளுவது போல. பத்தாவது நிமிடத்துக்கு மேல் அறையில் ஒரு அமைதி வரும். முதுகெலும்பு ஒற்றைத் தடி இல்லை என்று உடம்புக்குத் தெரியவரும் நேரம் அது.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். மகள் வற்புறுத்தி அனுப்பியது. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர் இந்தப் பயிற்சிக்கு மட்டும் இறங்கினார். முடிந்தபின், "என் வலது தோள் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது, நான்தான் இறங்கிவிட்டேன்" என்றார். நான்கு வருடத்தில் என் நோட்டில் எழுதிவைத்த வரிகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவருடைய தோள் சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். தெரிந்தது, அவ்வளவுதான். தெரிந்ததும் அவரே அதைக் கொஞ்சம் இறக்கிவைத்தார்.

சக்கர நாற்காலியில் வந்த ஒருவருக்காக இதையே மாற்ற வேண்டியிருந்தது. நாற்காலியின் முதுகுச் சாய்வையே தரையாக வைத்துக்கொண்டு, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அதற்குக் கொடுத்து மேலே நீண்டார். நான் யோசித்துவைத்த பயிற்சியைவிட அது தெளிவாக இருந்தது. இப்போது இந்தப் பயிற்சியை எல்லாருக்குமே நாற்காலியில்தான் தொடங்குகிறேன்.

கடைசி அரை மணியில் கூட்டமாக நடப்பது ஒன்று உண்டு. மைனா இனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வானில் திரும்புவதைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது என்று 2008ல் எழுதினார்கள். தலைவன் கிடையாது. எட்டுப் பேர் கூட்டத்தில் இதை முழுதாகச் செய்ய முடியாது. பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரை மட்டும் கவனித்து நடங்கள் என்கிறேன். பாதி நாள் முட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பகுதி இன்னும் வேகவில்லை, எடுத்துவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது.

உங்கள் கட்டுரை இன்னொன்றும் சொன்னது. காட்டில், மரத்தடியில் செய்தால்தான் பலன் என்று. கலிபோர்னியாவில் ஆனா ஹால்ப்ரின் என்ற நடனக் கலைஞருக்காக 1954ல் வீட்டின் கீழே, ரெட்வுட் மரக்காட்டுச் சரிவில், கூரையில்லாத மர மேடை ஒன்று கட்டினார்கள். கட்டடத்துக்குள் ஆடுவதும் அங்கே ஆடுவதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். சுவர் இல்லாதபோது முன்பக்கம் எது என்ற கேள்வியே போய்விடும், மேடைக்காரிக்கு அது பெரிய விடுதலை. ஆனால் எல்லாருக்கும் காடு வாய்க்காது. வெறுங்காலோடு மண்ணில் நிற்கச் சொன்ன முதல் நாளே ஒருவர் எறும்புப் புற்றின் மேல் நின்றுவிட்டார். அன்றைக்கு அவர் உணர்ந்த அளவுக்குத் தன் பாதத்தை யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு சிரித்தோம். இப்போது இடத்தை நான் முன்கூட்டியே முழுதும் நடந்து பார்க்கிறேன். மழை நாளில் அறைக்குள்ளேயே. மூச்சும் எடையும் அறைக்குள்ளும் இயற்கைதான்.

அந்த ஹால்ப்ரினைத்தான் நடனத்தால் நோய் தீரும் என்பதற்குச் சாட்சியாகப் பலர் காட்டுகிறார்கள். 1972ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பிறகு நோய் திரும்ப வந்தபோது தன் உருவத்தை வரைந்து, அதை ஆடினார். 2021ல் நூறு வயதில்தான் இறந்தார். கதை கேட்க நன்றாக இருக்கும். அவர் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார் என்பதை மட்டும் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். எனக்கும் அப்படியே. என் முழங்காலைச் சரிசெய்தது மருத்துவரும் பிசியோதெரபியும். தரையில் கிடந்தது எனக்கு வேறொன்றைத் தந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் இரண்டுக்கும் கெடுதல்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பட்டறைகளை நலவாழ்வுப் பக்கத்தில், மருந்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள். கலைப் பக்கத்தில் போடுங்கள், அல்லது விளையாட்டுப் பக்கத்தில் போட்டாலும் பரவாயில்லை. போகிறவர்கள் அங்கே கேட்டுப் பார்க்க வேண்டியவற்றையும் சேர்த்துப் போட்டால் நல்லது. என்னைத் தொடுவதற்கு முன் கேட்பீர்களா? கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாமா? நடுவில் எழுந்துபோய் உட்காரலாமா? கண்ணை மூடினால் பயம் வருகிறவர்கள் இருக்கிறார்கள், தரையில் படுத்தால் பழைய ஏதோ ஒன்று கிளம்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் பட்டறையில் அழுத பெண்ணிடம் நான் இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது கதவைச் சாத்துவதே இல்லை, வெளியே ஒரு நாற்காலியும் தண்ணீரும் இருக்கும். அழுகை வந்தால் பயிற்சியை நிறுத்தி, அவருக்கு யார் துணை வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கு மேல் செய்ய எனக்குப் படிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசியில் அழைத்தவரிடம், முதலில் மருத்துவரைப் பாருங்கள், அவர் சரி என்றால் வாருங்கள், ஆனால் முதுகுவலி போகும் என்று நினைத்து வர வேண்டாம் என்றேன். "அப்புறம் எதற்கு வருவது?" என்றார். நியாயமான கேள்வி. சும்மா பத்து நிமிடம் நிற்பதற்கு என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். இன்னும் அழைக்கவில்லை.

உங்கள் புகைப்படக்காரர் மறுபடி இப்படி ஒரு பட்டறைக்கு வந்தால், அந்தப் பத்து நிமிடத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எட்டுப் பேர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு எதற்கோ வரிசையில் காத்திருப்பது போலத்தான் தெரியும். அதைப் போட்டால் நான் மறுகடிதம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
நடனக் கலைஞர், உங்கள் நெடுநாள் வாசகி
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்.)